புல் முதலில், காணம் பிறகு

"அண்ணாச்சி, பசுவுக்கு அறுக்குற புல்லத்தான் குதிரைக்கும் போடுதேன். பசு நல்லா இருக்கு. குதிரைக்கு மட்டும் ஏன் விலா எலும்பு தெரியுது?"

இரணியல் சாயாக்கடை பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இப்படிக் கேட்டவன் இளவட்டம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் விடலாம் என்று கடன்பட்டு ஒரு குதிரை வாங்கியிருக்கிறான். தென்னை நிற்கிற இருபது சென்ட் விளையில் கட்டியிருக்கிறான். நான் கால்நடைத் துறையில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கம் குதிரை வளர்க்க ஆசைப்படுகிற எவரும் முதல் மாதமே கேட்க வேண்டிய கேள்வி இது. அவனிடம் சொன்னதையும், சாயா ஆறுவதற்குள் சொல்லி முடியாததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பசுவும் குதிரையும் ஒரே புல்லைத் தின்கின்றன. ஆனால் உள்ளே நடக்கும் வேலையின் வரிசை வேறு. பசு விழுங்கிய புல் முதலில் பெரிய இரைப்பைக்குப் போகிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைக்கின்றன. பசு மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிறது. நுண்ணுயிர்கள் வேலையை முடித்த பிறகுதான் சத்து சிறுகுடலுக்கு வருகிறது. குதிரைக்கு இது தலைகீழ். அதன் இரைப்பை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். புல் அதில் கொஞ்ச நேரம் தங்கி, சிறுகுடலைக் கடந்து, கடைசியில்தான் பெருங்குடலுக்கும் அதன் தலைப்பில் தொங்கும் குடல்பைக்கும் வருகிறது. இரண்டும் சேர்ந்து 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். நுண்ணுயிர்கள் இருப்பது அங்கேதான். இட்லி மாவு புளிப்பதுபோல நார் அங்கே மெல்லப் புளித்து, குதிரைக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கைத் தருகிறது.

ஆக, பசுவுக்கு முதலில் நொதிப்பு, பிறகு சிறுகுடல்; குதிரைக்கு முதலில் சிறுகுடல், பிறகு நொதிப்பு. இந்த ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டால் குதிரைத் தீவனத்தில் முக்கால்வாசி விளங்கிவிடும். அவன் கேட்ட கேள்விக்கும் பதில் இதற்குள்ளேதான் இருக்கிறது. அதற்கு முன் வேறு இரண்டைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, குதிரை ஓயாமல் தின்னும் பிராணி. மேய விட்டால் ஒரு நாளில் 14, 16 மணி நேரம் தலையைத் தூக்காமல் மேயும். பேராசை என்று நினைக்க வேண்டாம். அதன் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் நிற்காமல் சுரக்கிறது. அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். காலையில் ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டு என்று போட்டுவிட்டு நடுவில் வெறும் வாயோடு கட்டிவைத்தால் அமிலம் இரைப்பையின் சுவரைத் தின்னத் தொடங்கும். ஐந்தாறு மணி நேரம் வாய் சும்மா இருப்பதே குதிரைக்கு அதிகம். கம்பைக் கடிப்பதும், நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் இந்தப் பட்டினியிலிருந்தும் சலிப்பிலிருந்தும் வருபவை. இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது தப்பாகப் போய்விட்டால் திரும்பி வர வழி இல்லை. அதனால்தான் மாட்டுக்கு ஒரு வேளைக் கோளாறாக முடிகிற வயிற்றுவலி, குதிரைக்கு உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

இரண்டாவது, மாவுச்சத்து. சோறு, அரிசி, மக்காச்சோளம், கோதுமை எல்லாம் சிறுகுடலில் செரிக்க வேண்டியவை. அங்கே செரிக்கிற அளவுக்கு எல்லை உண்டு. அதைத் தாண்டிப் போட்டால் மிச்ச மாவு அப்படியே பெருங்குடலுக்கு வழிந்துவிடும். நாரைப் புளிக்க வைக்க வேண்டிய இடத்தில் மாவு வேகமாகப் புளித்து அமிலம் பெருகும். நல்ல நுண்ணுயிர்கள் கூட்டமாகச் செத்து விஷம் கக்கும். அந்த விஷம் இரத்தத்தில் ஏறி, கடைசியில் குளம்புக்குள் போய் நிற்கும். குளம்பையும் எலும்பையும் பிடித்திருக்கும் திசு வீங்கிப் பிரியும். குதிரை முன்னங்காலை நீட்டி, பின்னால் சாய்ந்து, அடி எடுத்து வைக்க முடியாமல் நிற்கும். விருந்து வீட்டில் மிஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் அன்போடு கொண்டுபோய் வைத்த மறுநாள் குதிரை இப்படி நின்றால், காரணத்தைக் காலில் தேடக் கூடாது.

இந்த அன்பு நமக்குப் புதிதில்லை. நம் கடற்கரையிலேயே எழுநூறு வருஷப் பழக்கம் அதற்கு உண்டு.

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கின. கடல் வழியே குதிரை வருவதைப் பட்டினப்பாலையே சொல்கிறது. மாணிக்கவாசகர் கதையிலும் பாண்டியன் கருவூலப் பணத்தைக் கொடுத்து மந்திரியைக் குதிரை வாங்கத்தான் அனுப்புகிறான். வளர்க்க அனுப்பவில்லை. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ இந்த வியாபாரத்தைக் கண்டு திகைத்திருக்கிறார். ஒவ்வொரு அரசனும் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறான், வருஷம் முடிகையில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதுகிறார். குதிரைகளுக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சியும் மற்றச் சமைத்த உணவும் கொடுக்கிறார்கள் என்கிறார். நல்ல குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் இங்கே கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டிதான் பிறக்கிறது என்றும் சொல்கிறார். குதிரை விற்கும் வியாபாரிகள் குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள், குதிரைகள் சாவதில்தான் அவர்களுக்கு அடுத்த வருஷ வியாபாரம் இருந்தது என்பதும் அவர் குறிப்புத்தான்.

அவருக்குச் சற்றுப் பிறகு எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் கணக்கோடு சொல்கிறார். குதிரை ஒன்றுக்கு 220 தீனார் செம்பொன் விலை. இங்கே வந்ததும் பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்ததைக் கொடுத்தார்கள், தானியத்தை நெய் சேர்த்துச் சமைத்துக் கொடுத்தார்கள், குடிக்கக் காய்ச்சிய பசும்பால் வைத்தார்கள். கொழுக்க வேண்டும் என்று நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிப்போட்டார்கள். அதன் பிறகு பழக்காமலே ஏறி ஓட்டினார்கள். சீக்கிரமே அந்தக் குதிரைகள் வலுவிழந்து உதவாமல் போயின.

இருவரும் வெளியூர்க்காரர்கள். கேட்டது பாதி, கண்டது பாதியாக எழுதியிருக்கலாம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். நம் வெக்கையும், ஈக்கடியால் வரும் சர்ரா நோயும் சேர்ந்தும் கொன்றிருக்கும். ஆனாலும் நாற்பது நாள் கட்டிப்போட்டு நெய்ச்சோறு ஊட்டிய குதிரை உதவாமல் போனது என்று படிக்கையில் கால்நடை வேலை பார்த்தவனுக்கு வியப்பு வராது, வயிறுதான் எரியும். பால், நெய், சோறு என்று தங்கள் வீட்டில் மேலானது எதுவோ அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். குதிரை கேட்டது புல்லை. அது அவர்கள் கண்ணில் தீவனமாகவே படவில்லை. பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் தொங்கும் பித்தளைக் குதிரை விளக்கை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவு வரும். குதிரையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து மதித்த ஊர் நம்முடையது. அதன் காலடியில் கிடக்க வேண்டிய புல்லைப் பற்றித்தான் யோசிக்கவில்லை.

பின்னால் வந்த வெள்ளைக்காரப் படை வேறொரு ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு குதிரைக்கும் பராமரிக்க ஒரு ஆள், புல் கொண்டுவர இன்னொரு ஆள். புல்லுக்காரர் நாள் முழுக்க வரப்பிலும் சாலையோரத்திலும் அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணை உதறி, கட்டாகச் சுமந்து வருவார். அதோடு வேகவைத்த காணம். வெளியூர்க்காரர்கள் கொள்ளு என்பதைத்தான் இங்கே காணம் என்கிறோம். மேய்ச்சல் நிலத்துக்குக் குதிரை போக முடியாத நாட்டில் மேய்ச்சல் நிலம் தலைச்சுமையாகக் குதிரையிடம் நடந்து வந்தது. நம் விளைகளில் இன்றைக்கும் அதுதான் நிலைமை. குளிர்நாடுகளில் ஒரு குதிரைக்கு ஒன்று, இரண்டு ஏக்கர் மேய்ச்சல் வேண்டும் என்பார்கள். இருபது சென்ட் வைத்திருப்பவர் அறுத்துத்தான் போட வேண்டும். அறுத்துப் போடுவதில் குற்றமில்லை. எந்தப் புல்லை அறுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவன் அறுப்பது கோ 4 என்கிற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த இனம். கறவை மாட்டுக்கு வரப்பிரசாதம். கரும்புபோல வளரும், வருஷம் முழுக்க அறுக்கலாம். நான் குறை சொல்லவே மாட்டேன், மாட்டுக்கு. குதிரைக்கு அதை மட்டும் போட்டு வளர்த்தால் எலும்பு கரையும்.

காரணம் ஆக்சலேட் என்கிற பொருள். நேப்பியர், கினியாப்புல், செட்டேரியா, கொழுக்கட்டைப்புல் போன்ற வெப்பநாட்டுப் புல் வகைகளில் இது கூடுதலாக இருக்கிறது. தளிரில் இன்னும் கூடுதல். ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத படிகமாகிவிடும். பசுவின் பெரிய இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன. சிறுகுடலுக்கு வரும்போது சுண்ணாம்பு விடுபட்டு உடம்பில் சேர்கிறது. குதிரைக்கு முதலில் சொன்ன அந்தத் தலைகீழ் வரிசைதான் இடிக்கிறது. சுண்ணாம்பு உடம்பில் சேர வேண்டிய சிறுகுடல் முன்னால் வருகிறது, ஆக்சலேட்டைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பின்னால் இருக்கின்றன. கட்டுண்ட சுண்ணாம்பு கட்டுண்டபடியே கடந்து சாணத்தில் போய்விடுகிறது. புல்லில் சுண்ணாம்பு இருக்கிறது, குதிரைக்குக் கிடைப்பதில்லை.

இரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் உடம்பு விடாது. கழுத்திலுள்ள சின்னச் சுரப்பி ஒன்று, எலும்பிலிருந்து எடு என்று கட்டளை அனுப்பும். எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், கரைந்த இடத்தில் நார்த்திசு நிரம்பும். முகத்தெலும்பில் இது நன்றாகத் தெரியும். கண்ணுக்குக் கீழே, கடைவாய்ப் பற்களுக்கு மேலே இரண்டு பக்கமும் மெல்லப் புடைத்து, தலையே பெரிதான மாதிரி ஆகிவிடும். அதற்கு முன்பே நடையில் சொல்லிவிடும்: இன்றைக்கு ஒரு காலில் நொண்டும், நாளைக்கு வேறொன்றில். அடி எட்டி வைக்காது. பல் ஆடுவதால் மென்றதைத் துப்பும், மெலியும். இரத்தத்தைச் சோதித்தால் சுண்ணாம்பு பல சமயம் சரியாகவே காட்டும், எலும்பை அடகு வைத்துத்தானே உடம்பு அந்த அளவைக் காப்பாற்றுகிறது. 1970களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இந்தப் புல்வெளிகளில் மேய்ந்த குதிரைகளை ஆராய்ந்துதான் இந்தத் தொடர்பு தெளிவாயிற்று. நேப்பியர் மட்டுமே தின்னும் குதிரையிடம் சில மாதங்களிலேயே இது தெரிய ஆரம்பிக்கும்.

இதன்மேல் நம் ஆட்கள் தவிட்டையும் போடுகிறார்கள். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. குதிரைக்குச் சுண்ணாம்பு ஒன்றரைப் பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்கிற கணக்கில் இருந்தால் நல்லது. தவிட்டில் அது பல மடங்கு தலைகீழாக இருக்கிறது. பாஸ்பரஸ் கூடினாலும் அதே சுரப்பி அதே கட்டளையைத்தான் அனுப்பும். ஐரோப்பாவில் தவிடு தின்று வளர்ந்த மாவு மில் குதிரைகளுக்கு இதே தலைவீக்க நோய் வந்தது பழைய சேதி. நேப்பியர் ஒரு பக்கம் சுண்ணாம்பைப் பூட்டுகிறது, தவிடு இன்னொரு பக்கம் எலும்பைக் கரைக்கிறது. மழை கழுவிச் சுண்ணாம்பு குறைந்த நம் அமில மண்ணில் விளைகிற புல்லும் சேர்ந்துகொண்டால் சொல்ல வேண்டியதில்லை. மார்கோ போலோ சொன்ன கால் கோணிய குட்டிகளுக்கு இது ஒரு காரணமாக இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. நேப்பியர் அன்றைக்கு இங்கே கிடையாது, ஆனால் சோறும் தவிடும் இருந்தன.

"அப்ப கோ 4-ஐ விட்டிரணுமா அண்ணாச்சி?" என்றான். முழுக்க விட வேண்டாம். பாதிக்கு மேல் அது இருக்கக் கூடாது, தளிராக அறுக்கக் கூடாது. மீதிக்கு அருகம்புல்தான் என் முதல் சொல். இந்தியாவின் குதிரைப் பண்ணைகள் நெடுங்காலமாக நம்பியிருப்பது அதைத்தான். ஆக்சலேட் தொல்லை இல்லை, தண்டு மெல்லியது, மிதித்தாலும் மேய்ந்தாலும் திரும்பத் தழைக்கும். நாஞ்சில் நாட்டு வயல் வரப்பெல்லாம் அதுதான் பரவிக் கிடக்கிறது. வரப்பில் அறுக்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு அறுக்க வேண்டும்: களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ எப்போது அடித்தார்கள் என்று.

குதிரைமசால் கிடைத்தால் பொன். சுண்ணாம்பும் புரதமும் நிறைந்த பயறுவகைத் தீவனம். நான் ஈரோட்டுப் பக்கம் இருந்தபோது அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தைக்குப் போவதுண்டு. மார்வாரியும் கத்தியவாரியும் மின்னுகிற தோலோடு நிற்கும். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால் குதிரைமசால் என்ற பதில் நிச்சயம் வரும். ஆனால் அந்தப் பயிருக்கு வடிகால் உள்ள, காரச் சாயல் மண் வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் செம்மண் விளையில் வேர் அழுகிவிடும். அதனால் இங்கே வேலிமசால் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சூபாபுல் தழை வேண்டாம் என்றேன். ஆடு தின்னும், மாடு தின்னும். குதிரை தொடர்ந்து தின்றால் அதிலுள்ள மைமோசின் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்துவிடும். மாப்பிள்ளை ஊர்வலத்துக் குதிரைக்கு வாலே இல்லையென்றால் யார் கூப்பிடுவார்கள்?

நேப்பியரைத் தவிர்க்கவே முடியாதவர்கள் சுண்ணாம்புக்கல் தூளும் டைகால்சியம் பாஸ்பேட்டும் கலந்து கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் குதிரையின் எடையும் புல்லின் அளவும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அது வாயையும் வயிற்றையும் வேக வைத்துவிடும்.

எவ்வளவு போடுவது என்றால், 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த கணக்கில் எட்டுக் கிலோ தீவனம் வேண்டும். பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே எட்டுக் கிலோ உலர் தீவனத்துக்கு முப்பத்தைந்து, நாற்பது கிலோ பச்சைப்புல் அறுக்க வேண்டும். மழைக்காலத்துப் புல்லில் தண்ணீர் இன்னும் அதிகம், வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. அப்போது கொஞ்சம் காய்ந்த புல்லோ வைக்கோலோ முதலில் கொடுத்துவிட்டுப் பச்சையைப் போடலாம். வைக்கோல் துணைக்கு மட்டும். அதையே முழுத்தீவனமாக்கினால் சத்தும் இல்லை, குடலில் அடைத்துக்கொள்ளவும் செய்யும். பல் தேய்ந்த கிழக்குதிரைக்கு அந்தப் பயம் இரட்டிப்பு.

நாற்பது கிலோவையும் ஒரே குவியலாகக் கொட்டக் கூடாது. நாலைந்து தடவையாக, கடைசிப் பங்கைப் படுக்கப் போகுமுன், பெரிய பங்காக. அறுத்த புல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறும். கையை விட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக இருந்தால் குதிரைக்கு வேண்டாம், பரப்பி ஆறவிடுங்கள். மூட்டையில் வரும் ஊறுகாய்ப்புல்லும் மாட்டோடு நிற்கட்டும். அதில் வளரக்கூடிய நச்சுக்கிருமி குதிரையைச் சீக்கிரம் சாய்த்துவிடும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே அழிக்கும் என்பது புத்தகத்தில் மட்டும் இருக்கிற செய்தி அல்ல. நம் ஈரக்காற்றில் எந்தச் சாக்கும் ஒரு மாதத்தில் பூத்துவிடுகிறது.

வேலை செய்கிற குதிரைக்குப் புல்லோடு கொஞ்சம் கூடுதல் சக்தி வேண்டும். அதற்குத்தான் காணம். ஊறவைத்து வேகவைக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் அதிலுள்ள ஒரு பொருள் புரதத்தைச் செரிக்க விடாது. ஒரு வேளைக்கு ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது, புல் தின்ற பிறகுதான் வைக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கென்றே இன்னொன்று இருக்கிறது, தேங்காய்ப் பிண்ணாக்கு. மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை, புரதம் ஐந்தில் ஒரு பங்கு, கொஞ்சம் எண்ணெய், நல்ல நார். ஆஸ்திரேலியாவில் கொப்பரைப் பிண்ணாக்கைக் குதிரைக்கென்றே பையில் அடைத்து விற்கிறார்கள். நமக்குப் பக்கத்துச் செக்கிலேயே கிடைக்கிறது. புதிதாக, காறல் வாடை இல்லாததாகப் பார்த்து வாங்கி, ஊறவைத்துக் கொடுக்கலாம். சுண்ணாம்பு அதில் குறைவு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கோழித்தீவனச் சாக்கு குதிரை எட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது. கோழிக்குக் கழிச்சல் வராமலிருக்க அதில் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் சேர்ப்பார்கள். கோழிக்குப் பாதுகாப்பான அந்த அளவே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். முறிமருந்து கிடையாது.

தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாமல், வெயிலில் ஓடிய நாளில் 40 லிட்டருக்கு மேலும் குடிக்கும். எப்போதும் எதிரில் இருக்கட்டும். வியர்க்கிற குதிரைக்குத் தினம் ஒரு பிடி கல்லுப்பும் வேண்டும்.

இனி விளை. இருபது சென்ட் வயிற்றை நிரப்பாது, ஆனால் கயிற்றில் நிற்கிற குதிரைக்கு அவிழ்த்துவிட்ட நடை பாதி மருந்து. மேய்கிற குதிரை ஒரு வாய் கடிக்கும், இரண்டு அடி வைக்கும். அந்த நடையில்தான் குடல் அசைகிறது. விளையை நாலு துண்டாக மூங்கில் கழியோ கயிறோ கட்டிப் பிரித்து, ஒன்றில் விட்டு மற்றதைத் தழைய விட வேண்டும். முள்கம்பி வேண்டாம். மிரண்டால் குதிரை அதில் பாய்ந்து தோலைக் கிழித்துக்கொள்ளும். புல் ஒரு சாண் உயரம் வரும்போது உள்ளே விட்டு, நாலு விரல் உயரத்தில் வெளியே எடுக்க வேண்டும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, நாக்கால் சுருட்டி இழுக்கும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு, தரையோடு தரையாக அரிந்துவிடும். விட்டால் வேர்க்குருத்தையும் விடாது. பிறகு அங்கே முளைப்பது குதிரை தொடாத களைதான்.

மண் தெரியுமளவு அரிந்த இடத்தில் இன்னொரு ஆபத்து மணல். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடற்கரை விளைகளில் குதிரை ஒவ்வொரு வாயோடும் மணலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது பெருங்குடலின் அடியில் படிந்து ஒரு நாள் வயிற்றுவலியாக வெடிக்கும். தீவனத்தை மண்ணில் போடாமல் ரப்பர் விரிப்பிலோ சிமென்ட் தொட்டியிலோ போடுங்கள். தொட்டி தரையளவிலேயே இருக்கட்டும், தலையைத் தாழ்த்தித் தின்பதே குதிரைக்கு இயல்பு.

மேய்கிற இடத்தில் குதிரைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு மூலையில் சாணம் போடும், அந்த மூலையில் மேயாது. அங்கே புல் நெட்டையாக நிற்கும். அதைப் பார்த்து புல் மிச்சம் கிடக்கிறதே, தின்ன மாட்டேன் என்கிறதே என்று அதட்டக் கூடாது. சாணத்திலுள்ள புழு முட்டைகள் பொரித்துக் குஞ்சுப்புழுக்கள் ஈரப்புல்லில் ஏறி நிற்கும் இடம் அது. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் இதற்கு ஒரு வாரம் போதும். வாரத்துக்கு இரண்டு தடவை சாணத்தை அள்ளி உரக்குழியில் போட்டால் புழுத்தொல்லை பாதி தீர்ந்தது. மீதிக்கு அந்த வீட்டுப் பசுவே உதவும். குதிரை ஒதுக்கிய மூலையில் பசுவைக் கட்டினால் அது தயங்காமல் மேயும். குதிரைப் புழுக்கள் பெரும்பாலும் பசுவின் வயிற்றில் பிழைப்பதில்லை. நானே சொல்லிச் செய்ய வைத்த வீடுகளில் பூச்சிமருந்துச் செலவு குறைந்திருக்கிறது. பசுவும் குதிரையும் மாறிமாறி மேய்வதுபோல ஒரு விளைக்கு நல்லது வேறில்லை.

வேலியில் என்ன நிற்கிறது என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். தோவாளைப் பூச்சந்தைக்கு அனுப்ப நம் மாவட்டத்தில் அரளி வளர்க்கிறவர்கள் பலர். வேலியோரத்திலும் அழகுக்கு வைத்திருப்போம். அரளி இலை கொஞ்சமே ஒரு குதிரையைச் சாய்க்கப் போதும், காய்ந்த இலையும் அப்படித்தான். வெட்டிய கிளையைக் குதிரை விளைக்குள் எறிந்துவிடாதீர்கள். மரச்சீனித் தழையிலும் தோலிலும், ரப்பர் இலையிலும் சயனைடு விளைவிக்கும் பொருள் இருக்கிறது. ஆமணக்கு விதைக்குக் குதிரை மாட்டைவிட எளிதில் விழும். வயிறு நிரம்பிய குதிரை இவற்றை முகர்ந்து விட்டுவிடும். பசித்த குதிரைதான் கடிக்கும். கடைசியாக, குதிரை நிற்கிற இடத்துத் தென்னையில் தேங்காயை முற்றி விழவிடாமல் பறித்துவிடுங்கள்.

இதெல்லாம் கேட்டுவிட்டு அவன் அன்றைக்கே கோ 4-ஐ நிறுத்திவிட்டு அருகம்புல்லுக்கு மாறப்போகிறேன் என்று எழுந்தான். உட்காரச் சொன்னேன். பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஒவ்வொரு தீவனத்துக்கும் ஏற்பக் கூடிக் குறைகிறவை. தீவனத்தை ஒரே நாளில் மாற்றினால் அவை திணறும், வயிற்றுவலி வரும். பத்துப் பதினாலு நாள் எடுத்து, நாலில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று மாற்ற வேண்டும். தவிட்டை மட்டும் முதலில் குறைக்கலாம். அதற்குள் ஒரு நாள் கால்நடை மருத்துவரை வரவழைத்து முகத்தெலும்பையும் பல்லையும் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். நிலைமை முற்றியிருந்தால் திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும். கரைந்த எலும்பு திரும்ப வலுக்கப் பல மாதம் ஆகும். அதுவரை சவாரி கூடாது. சவாரி இல்லாத மாதத்துக்குக் கடன் தவணை எப்படிக் கட்டுவது என்று அவன் கேட்டான். அதற்கு என்னிடம் பதிலில்லை. ஆனால் எலும்பு கரைந்த குதிரையில் ஒரு குழந்தையை ஏற்றக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமுமில்லை.

கும்பப்பூ அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வெயில் காய்கிற வாரங்களில் வரப்பு அருகம்புல்லை அறுத்து, இரண்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டி உலர்த்தி, பனி விழுமுன் மூடி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் ஒரு குதிரைக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானது சேர்ந்துவிட்டால், பச்சைப்புல்லில் தண்ணீர் ஏறிக்கிடக்கும் ஆனி, ஆடியைச் சமாளித்துவிடலாம்.